சுருளிவேல் கூப்பிட்ட பெயர்

மாட்டுப்பட்டி அணையைத் தாண்டி, ஜீப் மட்டுமே ஏறும் பாதை ஒன்றின் முடிவில் ஜின்சியின் டென்ட் கேம்ப் இருக்கிறது. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு மட்டும்தான் அங்கே இடம். குடித்துவிட்டுப் பாட்டை அலறவிடும் கூட்டத்தை ஜின்சி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். பிள்ளைகளுக்கு ஊஞ்சல், டயர் ஏணி, சாயங்காலம் தீ மூட்டிச் சோளம் சுடுவது என்று எல்லாம் உண்டு. வருகிறவர்கள் இயற்கையைத் தேடி வந்ததாகச் சொல்வார்கள். வந்ததும் முதலில் தேடுவது சார்ஜர் செருகும் இடத்தை. அதில் ஒன்றும் தப்பில்லை, இயற்கை எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை.

கேம்ப்பின் கிழக்கு ஓரத்தில் ஒரு மரவேலி. வேலிக்கு அப்பால் ஓடை இறங்கும் பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அகலமாக ஒரு பச்சைச் சரிவு. சுற்றிலும் தேயிலையாக இருக்க, அங்கே மட்டும் பெரணியும் புல்லும்தான் மண்டியிருக்கும். அந்தச் சரிவை முதுகுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் இல்லை. "இவ்வளவு நல்ல இடத்தில் ஒரு வீடுகூடக் கட்டலையே" என்று ஆச்சரியப்படுவார்கள். கட்டியிருந்தார்கள். ஒரு லயமே அங்கே இருந்தது. எஸ்டேட் ஆட்கள் தலைமுறையாகக் குடியிருந்த, ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளின் வரிசை அது. அதன் நடுவில் ஒரு வீடு சுருளிவேலுடையது.

சுருளிவேல் இப்போது கேம்ப்பில் டென்ட் அடிக்கிறார், விறகு பிளக்கிறார், ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிறார். அவர் மனைவி குருவம்மாள் சமையல். இரண்டு பேருமே சிரித்த முகம் என்று விருந்தாளிகள் எழுதிவிட்டுப் போவார்கள். சிரிப்பதும் வேலையில் சேர்த்திதான்.

அந்த லயத்து ஆட்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. மேகம் இறங்கி மூடியிருக்கும்போது யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அந்த ஆளின் குரலிலேயே வேறு எதுவோ பதில் சொல்லும், அதை நம்பிப் போனவர் பள்ளத்தில் கிடப்பார் என்று நம்பினார்கள். அதனால் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு தகர டின் தொங்கும். அதைத் தட்டிக் கூப்பிட ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தட்டு, தனித் தாளம். சுருளிவேல் வீட்டுத் தட்டு முதலில் நிதானமாக ஆரம்பித்து, கடைசியில் படபடவென்று முடியும். அதைக் கேட்டால் அவர் மகள் செல்வலட்சுமி எந்தத் தேயிலை வரிசைக்குள் ஆடிக்கொண்டிருந்தாலும் வீடு வந்து சேர்ந்துவிடுவாள்.

ஒரு ஆடி மழையில் மலை வந்து லயத்தின் மேல் உட்கார்ந்தது. சுருளிவேல் அப்போது பேக்டரியில் ராத்திரி ஷிப்ட்டில் இருந்தார். குருவம்மாள் ஒரு சாவுத் துட்டிக்காகப் போடிக்குப் போயிருந்தாள். பிளஸ் ஒன் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று செல்வலட்சுமி வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

விடிந்தபோது எதிரே நிற்கும் ஆள் தெரியாத மேகம். சுருளிவேல் ஓடி வந்து பார்த்தபோது வீடும் இல்லை, வீடு இருந்த மேடும் இல்லை. சேற்றில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு தகரத்தைப் பிடுங்கி, தன் வீட்டுத் தட்டைத் தட்ட ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. மீட்க வந்தவர்கள், "உள்ளேயிருந்து சத்தம் வருதான்னு கேக்கணும், கொஞ்சம் நிறுத்துங்க" என்று கெஞ்சினார்கள். நிறுத்தினால் மகளுக்கு வழி தவறிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. கடைசியில் இரண்டு பேர் சேர்ந்து தகரத்தைப் பிடுங்கினார்கள். அப்புறம் காது கொடுத்துக் கேட்டார்கள். ஓடை ஓடும் சத்தம் மட்டும்தான் இருந்தது.

நிறையப் பேரை எடுத்தார்கள். செல்வலட்சுமி கிடைக்கவில்லை.

போடியிலிருந்து வந்த குருவம்மாளுக்கு நடந்ததை யார் யாரோ சொல்லிவிட்டார்கள். ஊர் வாய்க்கு மூடி ஏது. அவள் கத்தவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்து, "உங்க தகரச் சத்தத்துல எம்புள்ள சத்தம் கேக்காமப் போச்சு" என்றாள். அந்த ஒரு தடவைதான் சொன்னாள். மறுபடி சொல்லவேண்டிய அவசியம் இல்லாத பேச்சு அது. அன்றிலிருந்து சுருளிவேலின் காதுக்குள் தகரம் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. மூணாறில் பரிசோதித்துப் பார்த்தவர்கள் காதில் ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

கம்பெனி வேறு டிவிஷனில் வீடு தருவதாகச் சொன்னபோது குருவம்மாள் போக மறுத்தாள். உடம்பு கிடைக்கவில்லை என்று கருமாதியும் செய்யவிடவில்லை. எதிர்மேட்டில் ஜின்சி கேம்ப் போட ஆள் தேடியபோது இருவரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சேரும்போதே ஜின்சி ஒன்று சொல்லிவிட்டாள். "சேட்டா, கெஸ்ட்டுகிட்ட அந்தக் கதை ஒண்ணும் பறையண்டா, கேட்டோ. லீவுக்கு வர்ற பிள்ளைங்க பயந்துபோகும்." அவளும் கெட்டவள் இல்லை. மண் சரிந்த இடத்துக்கு எதிரே யார் பிள்ளையைத் தூங்கவைப்பார்கள்.

கேம்ப்பிலும் சுருளிவேல் ஒரு தகரம் வைத்திருந்தார், மேகம் இறங்கினால் கை தானாக அதற்குப் போகும். ஊஞ்சலில் இருக்கும் பிள்ளைகள் டென்ட்டுக்குத் திரும்ப வேண்டுமே. இது எதற்கு என்று விருந்தாளிகள் கேட்டபோது ஜின்சிதான் சட்டென்று ஒரு பதிலைக் கட்டினாள். யானை பக்கத்தில் வந்தால் தட்டுவது, தகரம் கேட்டால் மூச்சுக்காட்டாமல் உள்ளே போய்விட வேண்டும் என்றாள். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரு யானையும் வராமலே எல்லாரும் யானைக் கதையோடு ஊர் திரும்பினார்கள்.

இந்தச் சித்திரை லீவுக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபிநாத் குடும்பம் வந்தது. தென்னந்தோப்புக்காரர். மனைவி, ஒரு பையன், அவனுக்கு இளையவளாக யோகப்பிரியா, ஒன்றாம் வகுப்பு முடித்தவள். போன லீவில் கடற்கரையில் டென்ட் போட்டுத் தங்கினார்களாம். "காதுல மூக்குல சோத்துலன்னு எங்க பாத்தாலும் மண்ணுங்க. அதான் இந்தவாட்டி மலைக்கே போயிரலாம்னு வந்துட்டமுங்க" என்றார் கோபிநாத். யோகப்பிரியாவுக்கு வளைவுப் பாதை ஒத்துக்கொள்ளவில்லை. வரும் வழியெல்லாம் வாந்தி. வந்து இறங்கியதும் குருவம்மாள் கொடுத்த இஞ்சித் தண்ணீரைக் குடித்தவள், அப்புறம் அவள் முந்தானையை விடவில்லை.

மறுநாள் அணையில் படகு போகலாம் என்று கிளம்பியபோது யோகப்பிரியா ஜீப்பில் ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். தாய் தயங்கினாள். கோபிநாத் சமையல்கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்கக்கா, பாப்பா உங்ககூடவே இருந்துக்கறேங்குது. செத்த நேரம் விட்டுட்டுப் போலாமுங்களா?"

குருவம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். உள்ளே விறகு அடுக்கிக்கொண்டிருந்த சுருளிவேல் அவள் மறுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தார். மகளுக்குப் பிறகு அவள் எந்தப் பிள்ளையையும் பொறுப்பாக ஏற்றதில்லை.

"விட்டுட்டுப் போங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

மத்தியானம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பிள்ளை பட்டாணி உரித்தது, பூனையை விரட்டியது, "அத்தை, அத்தை" என்று சமையல்கூடத்தையே சுற்றி வந்தது. மூன்று டென்ட்டில் ஆள் இருந்தும் எல்லாரும் வெளியே போயிருந்தார்கள், ஜின்சியும் சாமான் வாங்க மூணாறுக்கு இறங்கியிருந்தாள். குருவம்மாள் கஞ்சி வடிக்கத் திரும்பினாள். வடித்து நிமிர்ந்தபோது வாசலில் பிள்ளை இல்லை. வாசலே இல்லை. மேகம் கதவுவரை வந்து நின்றுகொண்டிருந்தது.

"பாப்பா" என்றாள். பதில் இல்லை.

ஜெனரேட்டர் பக்கம் இருந்த சுருளிவேல் அவள் ஓடி வரும் சத்தத்திலேயே தெரிந்துகொண்டார். வேலிக்கு அப்பால் பள்ளம். வேலியின் கீழ்க்கம்பு பிள்ளைகள் நுழையும் உயரம். அவர் தகரத்தை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். நிதானமாக ஆரம்பித்துப் படபடவென்று முடிந்தது, மறுபடி ஆரம்பித்தது. பிள்ளை வரவில்லை. எப்படி வரும்? யானை வந்திருக்கிறது, மூச்சுக்காட்டக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவைத்திருக்கிறார்களே. அது அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. அவர் இன்னும் வேகமாகத் தட்டினார்.

குருவம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தகரத்தக் கீழ போடுங்க."

"ஏ புள்ள, மேகம் மூடியிருக்கு."

"மூடட்டும். பேரச் சொல்லிக் கூப்பிடுங்க."

"கூடாதுல்லா."

"இன்னொருத்தி வயித்தெரிச்சலையும் வாங்கிக் கட்டிக்கிட என்னால ஆகாது. அவுக வந்து எம்புள்ள எங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? கூப்பிடுங்க. இப்பவாச்சும் கூப்பிடுங்க."

அந்த 'இப்பவாச்சும்' சுருளிவேலின் நெஞ்சில் போய்த் தைத்தது. தகரத்தைப் போட்டுவிட்டு வேலி ஓரம் போனார். யோகப்பிரியா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், சத்தியமாக அந்தப் பெயர்தான் நாக்கில் இருந்தது. தொண்டையிலிருந்து வந்தது வேறு.

"செல்வலட்சுமீ..."

மலை இடிந்த நாளிலிருந்து அவர் வாயில் வராத பெயர். பள்ளத்துக்குள் இறங்கி எங்கோ போயிற்று அது. அவர் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். காதுக்குள் தகரம் அடித்துக்கொண்டிருந்தது.

சமையல்கூடத்தின் பின்புறம், விறகை மூடிய தார்ப்பாய் அசைந்தது. யோகப்பிரியா ஊர்ந்து வெளியே வந்தாள். முழங்காலெல்லாம் மண்.

"நான் செல்வலட்சுமி இல்லீங்க மாமா. யோகப்பிரியாங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "யானை போயிருச்சுங்களா?" என்று கேட்டாள்.

குருவம்மாள் பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தலை, கை, கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். பிள்ளை அவள் தோளுக்கு மேல் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்த அக்காவுங்கூட ஒளிஞ்சிருக்குதுங்களா?"

"எந்த அக்கா?" என்றார் சுருளிவேல்.

"நீங்க கூப்ட்டீங்கள்ல? 'இந்தா வாரேம்ப்பா'ன்னு சொல்லுச்சே. அங்கிருந்து." பிள்ளை பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டியது.

கொழிஞ்சாம்பாறைப் பிள்ளை 'வர்றேனுங்க' என்றுதான் சொல்லும். 'இந்தா வாரேம்ப்பா' அதன் வாய்ப்பேச்சு இல்லை, அது லயத்துப் பேச்சு. சுருளிவேல் திரும்பி மனைவியைப் பார்த்தார். குருவம்மாள் அசையாமல் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவளும் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. அவருக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளையாக மூடிக் கிடந்த சரிவின் பக்கம் காதைக் கொடுத்தார். தகரம்தான் அடித்தது.

"கேட்டீங்களா?" என்றாள் குருவம்மாள்.

அவள் அவரிடம் இப்படிக் குரல் தழைந்து கேட்டு எத்தனையோ காலமாயிற்று. அந்தக் கேள்வியில் பழி இல்லை. அன்றைக்குக் கேட்காமல் போனது இன்றைக்காவது கேட்டதே என்ற ஒரு ஆறுதல், அதை அவரோடு பங்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அந்த வாசல் திரும்பவும் மூடிக்கொள்ளும்.

"கேட்டேன்" என்றார்.

குருவம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே அவர் தோளில் தலையைச் சாய்த்து அழுதாள். அணையிலிருந்து திரும்பிய யோகப்பிரியாவின் தாய், அவள் கண் சிவந்திருப்பதைப் பார்த்து அடுப்புப் புகையா என்று விசாரித்தாள். ஆமாம் என்றாள் குருவம்மாள்.

கோபிநாத் குடும்பம் அடுத்த நாள் ஊருக்குப் போய்விட்டது. ஆனால் அன்றிலிருந்து புருஷன் பெண்டாட்டி இருவருக்குள்ளும் பேச்சு வந்துவிட்டது. விறகு தூக்கும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் குருவம்மாள் ஆரம்பிப்பாள். "சத்தம் கொஞ்சம் கம்முனாப்புல இருந்துச்சுல்ல? ஈரத்துலயே கெடக்கால்ல, சளி புடிச்சிருக்கும்." சுருளிவேல் ஆமாம் என்பார். "ஆனா கோவம் இல்ல, கவனிச்சீகளா?" ஆமாம், கோபம் இல்லை என்பார். மகளின் குரலைப் பற்றி மனைவி சொல்வதையெல்லாம் கேட்டுக் கேட்டு, தானும் கேட்டதுபோலவே பேசப் பழகிவிட்டார். இப்படியொரு பொய்யை ஒரு மனிதன் எத்தனை நாள் சுமப்பான் என்று யாருக்கும் தெரியாது. இறக்கிவைக்க இடமும் இல்லை.

தகரத்தை அவர் இப்போது தொடுவதில்லை. விருந்தாளிகளைக் கூப்பிட ஜின்சி ஒரு விசில் வாங்கிக் கொடுத்துவிட்டாள். மேகம் இறங்கியதும் விசிலை ஊதிவிட்டு, பிள்ளைகள் டென்ட்டுக்குள் போன பிறகு, சுருளிவேல் வேலி ஓரம் போய் அந்தப் பெயரைக் கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக் காத்திருப்பார். போன வாரம் ஒரு டென்ட்டிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "உங்க பொண்ணா? அதான் பதில் சொல்லிட்டாளே, வந்துருவா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சுருளிவேல் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சமையல்கூடத்திலிருந்து குருவம்மாள் குரல் கொடுத்தாள். "கேக்குதா?"

"கேக்குது" என்றார்.