பூட்டிய வீட்டின் மேல் ஒரு கொப்பு

மரம் வெட்டுகிற அந்த மரக்காரர் முதல் நாள் வந்தபோது என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மொபெட்டைச் சுவரோரம் நிறுத்திவிட்டு வேப்பமரத்தின் தூரைச் சுற்றிவந்தார். கோடையில் கரிசல் வெடித்துக் கிடந்த இடத்தில் காலை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு அண்ணாந்தவர், அண்ணாந்தபடியே நின்றார். நான் கொடுத்த மோர் அவர் கையிலேயே சூடாகிப் போனது.

அவருக்கு முன்னால் வந்தவர்களையெல்லாம் நான் விரட்டியிருந்தேன். எங்கள் பக்கத்தில் மரம் வெட்ட வருகிறவர்களுக்குத் தனியாகக் கூலி கிடையாது. வெட்டின விறகுதான் கூலி, அவர்களே வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். அதனால் நாம் ஒரு கொப்பைக் காட்டினால் அவர்கள் கண் தூருக்குப் போகும். மெஷின் ரம்பத்தோடு வந்த ஒருவன், "ஆச்சி, மொத்தமாச் சாய்ச்சிருவோம், ஒங்களுக்கும் குப்பை கூட்டுற வேலை மிச்சம்" என்றான். "ஏலே, ஒனக்குத் தலைவலின்னா ஒன் பொஞ்சாதி கழுத்தையா அறுப்பா?" என்று கேட்டு அனுப்பிவைத்தேன்.

வெட்ட வேண்டியது ஒரே ஒரு கொப்புதான். அது இறந்துபோன என் வீட்டுக்காரரின் தம்பி, அதாவது என் கொழுந்தனின் ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்துவிட்டது. மரத்தோடு சேரும் இடத்தில் பிளவும் விட்டிருந்தது. ஆடிக் காற்று எழுந்தால் விழுந்துவிடும். விழுந்தால், கைகால் இழுத்துக்கொண்டு படுத்த படுக்கையாகக் கிடக்கும் அவன் பொஞ்சாதி, என் ஓரகத்தியின் மேல்தான் விழும்.

அந்த ஓரகத்திக்காக நான் கண்ணீர் விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாகம் பிரித்தபோது மரம் எங்கள் பக்கம் வந்ததிலிருந்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் புழக்கம் கிடையாது, ஒரு வீட்டுத் தண்ணீரை மற்ற வீடு குடிக்காது. நடமாட்டம் இருந்த காலத்தில் அவள் தினமும் காலையில் வேப்பஞ்சருகைக் கூட்டி அள்ளிச் சுவருக்கு மேலே என் முற்றத்தில் கொட்டுவாள். "பெத்த பிள்ளைதான் இல்ல, இதையாவது எடுத்துக் கொஞ்சட்டும்" என்பாள், தெருவுக்கே கேட்கும்படி. நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. "நீ பெத்ததுக ஒன் வாசப்படியை மிதிச்சு எம்புட்டு நாளாச்சுட்டி?" என்பேன். அவள் பெற்றவர்கள் திருப்பூருக்குப் போனவர்கள், போனவர்கள்தான்.

மரக்காரர் மோரைக் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார். "கொப்பு இருவது பேரு எடை இருக்கும் ஆச்சி. கயிறு கட்டித்தான் இறக்கணும். ஆனா எங்கிட்ட ஒரு வழக்கம். மரத்து நெழல் எந்தெந்த வீட்டுல விழுதோ, அந்த வீட்டுக்குள்ள எல்லாம் நான் போயிப் பாக்காம கத்தியை எடுக்கமாட்டேன்." அதைச் சொன்னதற்காகவே அவரை அமர்த்தினேன். கொழுந்தனுக்கும் அவரே போய்ச் சொன்னார், படுத்திருக்கிற அந்த அம்மாளை வேறிடத்துக்கு மாற்றிவிடும்படி. கொழுந்தன் மறுநாளே தெருவெல்லாம் சொல்லிவிட்டான், அவளைக் காரில் ஏற்றி நாகலாபுரத்தில் அவள் தம்பி வீட்டுக்கு அனுப்பியாயிற்று என்று. நாங்களும் நம்பினோம்.

வெட்டுகிற நாள் காலையில் கொழுந்தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருவில் வந்து நின்றான். நெற்றி நிறையத் திருநீறு. மரக்காரர் சாவியைக் கேட்டார்.

"பூட்டுன வீட்டுல யாருலே இருப்பா? உள்ள யாருமில்ல. போயி மரத்துல ஏறு."

"இல்லைன்னா நல்லதுதான் அண்ணாச்சி. பாத்துட்டு ஏறுதேன்."

"கண்டவனெல்லாம் நுழையுறதுக்கு எங்க வீடு என்ன சத்திரமா?"

"அப்ப கொப்பு அங்கனயே இருக்கட்டும்" என்று சொல்லி மரக்காரர் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். அந்நேரம் பார்த்து ஒரு காற்று வந்தது. கொப்பு முனகியது. தெரு ஆட்கள் கொழுந்தனைப் பார்த்தார்கள். அவன் சாவியை மரக்காரர் முகத்துக்கு நேராக வீசினான். "போயிப் பாரு. சாமான் குறைஞ்சுது, தோலை உரிச்சிருவேன்."

சாவி அவர் கன்னத்தில் பட்டு மண்ணில் விழுந்தது. குனிந்து எடுத்துத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

வெளியே வந்தபோது அவர் தோளில் என் ஓரகத்தி கிடந்தாள். ஊரில் ஒரு காலத்தில் அவள் நடந்தால் தரை அதிரும் என்பார்கள். இப்போது ஒரு கையால் பிடித்திருந்தார். கொப்புக்கு நேர் கீழே, கட்டிலில் கிடந்திருக்கிறாள்.

கொழுந்தன்தான் முதலில் பேசினான். "தூக்க ஆளு கிடைக்கல. கயிறு கட்டித்தானே இறக்குதான், என்ன ஆயிரும்னு இருந்தேன்" என்றான். அடுப்பில் பால் வைத்ததை மறந்தவன் சொல்வதைப் போலச் சொன்னான்.

என் முற்றத்தில் அவளைக் கிடத்தினார்கள். மரக்காரர் ஏறினார். அரை நாள் வேலை. கொப்பு துண்டு துண்டாக இறங்கியது. ஒரு ஓடு உடையவில்லை. அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கிடந்தாள். முடிந்ததும் வாய் கோணி, குழறி, என்னிடம் கேட்டாள்: "அக்கா, ஒரு வாய் தண்ணி."

"அந்த வீட்டுத் தண்ணியக் குடிச்சேன்னு வையி, இந்த வாசல்ல ஏற முடியாது" என்றான் கொழுந்தன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

நான் செம்பைக் கொண்டுவந்தேன். இரக்கத்தால் அல்ல. அவன் முன்னால் செம்போடு திரும்பிப் போக எனக்கு மனமில்லை. அவள் அவனைப் பார்த்தபடியே குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. நிறுத்தவில்லை, செம்பு காலியாகும் வரை.

அதற்குப் பிறகு அவள் என் வீட்டில்தான் இருந்தாள். நாங்கள் ஒன்றும் உறவு கொண்டாடவில்லை. நான் சோறு ஊட்டினால், "உப்பில்ல" என்பாள். "நாக்கு மட்டும் இழுக்கல பாரு" என்பேன். பீ மூத்திரம் அள்ளும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், நானும்தான்.

போன ஆடியில் இறந்துபோனாள். விடிந்ததும் கொழுந்தன் சாதிசனத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். "எம் பொஞ்சாதி எங்க வாசல்ல இருந்துதான் போவா" என்றான். பெரியவர்கள் அதுதான் முறை என்றார்கள். "மதினி, வழிவிடுங்க" என்று என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டான். தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ஓட்டுக்குக் கீழேயே கிடத்தினார்கள். கொப்பு போன இடத்தில் இப்போது நல்ல வெளிச்சம்.

அவன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வருகிறவர்களிடமெல்லாம், தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "உள்ளதான் இருக்கா. போயிப் பாருங்க."