செல்லப்பாவுக்குப் போட்ட ஆர்டர்

உச்சிமாகாளிக்கு எதையும் எழுதி ஒட்டினால்தான் சோறு இறங்கும். இருபத்துநான்கு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவர். பட்டாளத்தில் எழுத்தில் வராத காரியம் நடக்காது. சங்கரன்கோவிலில் வீடு கட்டிக் குடியேறிப் பதினைந்து வருஷம் ஆன பிறகும் அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ‘பால் 6.10, மாத்திரை 8.00, மோட்டார் 8.30’ என்று சீட்டு தொங்கும். “இந்த மனுசன் சாகையிலயும் டைம் எழுதி வச்சிட்டுத்தான் சாவாரு” என்று அவர் மனைவி கோமதித்தாய் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்தக் கிறுக்குதான் ஒரு ஐப்பசி மாசத்துச் செவ்வாய்க்கிழமை அவரைத் தலை நிமிர முடியாமல் அடித்துப்போட்டது.

முதலில் அவருடைய பைக் குழுவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால் ராயகிரியில் ஒரு பெரியவர் இறந்துபோனார். பனியில் இரண்டு காலின் விரல்களையும் கொடுத்துவிட்டு வந்த பழைய சிப்பாய். அவரை ஒரு மினி ஆட்டோவில் ஏற்றி, மூட்டை கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோனார்கள். சேதி கேட்டுப் போயிருந்த முன்னாள் ராணுவத்தார் நாலு பேருக்கு மனசு பொறுக்கவில்லை. யாரும் சொல்லாமலே பைக்கில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு முன்னால் மெதுவாக ஓட்டிப் போனார்கள். அந்த நாலு பேரில் உச்சிமாகாளி ஒருவர். அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் எந்த முன்னாள் சிப்பாய் இறந்தாலும் அவர் போய்விடுவார். கூட வருகிறவர்களும் பெருகிவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் முறை வைத்திருந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் ரெஜிமென்ட் தொப்பி, நெஞ்சில் மெடல். இரண்டிரண்டு வண்டியாக, முதல் கியரில், ஹாரன் அடிக்காமல் போக வேண்டும். சுடுகாட்டு வாசலில் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் அணைய வேண்டும். அந்த அமைதியில் அவர் ஃபோனில் இருந்து பட்டாளத்துப் பியூகிள் இசை ஒலிக்கும், சல்யூட் அடிப்பார்கள். அவ்வளவுதான். யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு சாவுக்கும் காலையிலேயே வாட்ஸ்அப் குழுவில் ஆர்டர் போட்டுவிடுவார். பெயர், நம்பர், ரெஜிமென்ட், கூடும் இடம், நேரம், உடை, பாதை. எண்பத்துமூன்று சாவுக்கு எண்பத்துமூன்று ஆர்டர். எண்பத்துநான்காவது செல்லப்பாவுக்கு.

செல்லப்பாவும் அவரும் திருவேங்கடம் பக்கத்துக் கொழிஞ்சிப்பட்டிக்காரர்கள். திருநெல்வேலியில் ஆள் எடுத்த அன்று ஒரே வரிசையில் நின்று, ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். பனிமலையில் ரோந்து போகும்போது ஒருவன் பிளவில் விழுந்தால் மற்றவன் இழுக்க வேண்டும் என்று இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் நடப்பார்கள். அந்தக் கயிற்றில் இவர் முன்னால், செல்லப்பா பின்னால். ஒருமுறை இவர் விழுந்து, செல்லப்பா இழுத்துப் போட்டிருக்கிறார். அங்கே “ஏலே காளி” என்றுதான் கூப்பிடுவார். ஒரே தட்டில் ரொட்டி தின்றவர்கள்.

லீவில் இருவரும் சேர்ந்தேதான் வருவார்கள். கொழிஞ்சிப்பட்டி விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் செல்லப்பாவின் வாய் தானாக மூடிக்கொள்ளும். இவர் பெட்டியோடு தெரு வழியாக வீட்டுக்குப் போவார். செல்லப்பா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி ஓடை வழியாகக் காலனிக்குப் போவார். தெரு பஞ்சாயத்துத் தெருதான், தார் போட்டது அரசாங்கம்தான். ஆனாலும் காலனிக்காரர்களுக்கு உயிரோடும் அந்தத் தெரு இல்லை, செத்த பிறகும் இல்லை. இருபத்துநான்கு வருஷத்தில் ஒருநாளாவது “வாலே, இப்படியே போவோம்” என்று உச்சிமாகாளி சொன்னதில்லை. சொல்லத் தோன்றியதே இல்லை என்பதுதான் கொடுமை.

பைக் குழுவில் செல்லப்பா ஒரு சாவையும் விட்டதில்லை. போன வருஷம் புளியங்குடியில் ஒரு சாவு முடிந்து எலுமிச்சை மார்க்கெட் பக்கம் டீ குடிக்கும்போது கேட்டார். “ஏலே காளி, நாளைக்கு நான் போனா என்னைத் தெரு வழியா கூட்டிட்டுப் போவியால?” விளையாட்டுப் பேச்சு மாதிரிதான் கேட்டார். ஆனால் டீயைக் குடிக்காமல் பதிலுக்காகக் காத்திருந்தார்.

“போவோம்லே. ஹெட்லைட்டப் போட்டுக்கிட்டு ராஜா மாதிரி போவோம்” என்றார் உச்சிமாகாளி.

திங்கட்கிழமை சாயங்காலம் செல்லப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. செவ்வாய் காலை ஏழு மணிக்கு உச்சிமாகாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆர்டர் எழுதினார். ஓர் எழுத்தும் பிசகவில்லை. ‘கூடும் இடம்: கொழிஞ்சிப்பட்டி விலக்கு. நேரம்: 14.30. பாதை: காலனி, மேலத்தெரு, அம்மன் கோவில், கீழத்தெரு, சுடுகாடு.’ அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனார்.

குழுவில் அறுபத்துநாலு பேர் இருந்தார்கள். அதில் எவன் யாருக்குச் சொந்தம், எவன் யாருக்கு அனுப்புவான் என்று அவர் யோசிக்கவே இல்லை. பட்டாளத்து ஆர்டர் பட்டாளத்துக்குள்தான் இருக்கும் என்று நம்பி எண்பத்துமூன்று தடவை போட்ட கை. அவர் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு வருவதற்குள் அந்தப் பாதை கொழிஞ்சிப்பட்டியில் ஃபோனுக்கு ஃபோன் போய்ச் சேர்ந்துவிட்டது.

மத்தியானம் அவருடைய புல்லட் விலக்கை அடைந்தபோது மழை பிடித்திருந்தது. ஒன்பது பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்து நின்றது புளியங்குடி லிங்கேஷ் ஒருவன்தான். நாலு வருஷத்துக்கு முன் பட்டாளத்தை விட்டு வந்து எலுமிச்சை மண்டியில் கணக்கெழுதுகிறவன். மற்றவர்களிடமிருந்து ஃபோன்தான் வந்தது. ஒருவருக்கு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஒருவருக்குச் சம்பந்தி வீட்டு விசேஷம். ஒருவர் மட்டும் உள்ளதைச் சொன்னார்: “அண்ணாச்சி, எங்க சொந்தக்காரங்களும் அந்தத் தெருவுலதான் இருக்காவ. நாளைக்கு நான் அங்கன பொண்ணு எடுக்கணும்.” குண்டுக்கு முன்னால் நின்றவர்கள் இவர்கள். சொந்தக்காரனுக்கு முன்னால் நிற்க முடியவில்லை.

மேலத்தெரு முனையில் ஒரு டிராக்டர் குறுக்கே நின்றது. டயரைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். கம்பத்துக்குக் கம்பம் பச்சை வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. டிராக்டருக்கு முன்னால் நாற்பது ஐம்பது பேர். நடுவில் உச்சிமாகாளியின் தம்பி சுடலைராஜ். அவன் கையில் மஞ்சள் துணியில் புதுக் காப்பு.

“ஊருக்குக் காப்புக் கட்டியாச்சுண்ணே. அம்மன் கோவில் பொங்கல் முடியுத வரைக்கும் பொணம் தெருவுல போகக் கூடாது” என்றான்.

“எப்பம்லே கட்டுனிய?”

“பதினோரு மணிக்கு.”

“பொங்கலு அடுத்த மாசம்லா?”

“இந்த வருசம் முந்தி வச்சிருக்கோம். நீ எழுதுனதப் பாத்த பொறவுதான் வச்சோம், போதுமா?” சுடலைராஜ் குரலைத் தாழ்த்தினான். “ஏன்ணே இப்படிப் பண்ணுத? எங்களுக்கு இந்த ஊர்ல தலை காட்டணும்லா?”

வந்திருந்த போலீஸ் அதிகாரி குடைக்குள்ளிருந்தே பேசினார். அமைதி முக்கியம், வழக்கம் போலப் போய்விடுங்கள், மனு கொடுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார். தெரு எல்லோருக்கும் பொதுதானே என்று உச்சிமாகாளி கேட்டதற்கு, அதிலென்ன சந்தேகம் என்று தலையாட்டிவிட்டுப் பழையபடி அமைதியைப் பற்றியே பேசினார். உச்சிமாகாளி தம்பியிடம் கெஞ்சினார். அறுபத்திரண்டு வயசில், நெஞ்சில் ஆறு மெடல் தொங்க, தன்னைவிட எட்டு வயசு இளையவனைக் கையெடுத்துக் கும்பிட்டார். “ஒரே ஒரு தடவைல. எனக்காகச் செய்யிலே. அவன் இல்லைன்னா நான் அந்தப் பனியிலயே போயிருப்பேம்ல.” சுடலைராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் நகரவில்லை.

காலனியில் செல்லப்பாவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பெட்டிக்குமேல் மழைக்குத் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு நாலு பேர் நின்றார்கள். உச்சிமாகாளி போனதும் செல்லப்பாவின் மனைவி ஆறுமுகத்தாய் எழுந்து வந்தாள். சங்கரன்கோவிலில் அவர் வீட்டுக்கு வந்தால் ‘அண்ணே’ என்பாள். ஊருக்குள் ‘அய்யா’தான்.

“அய்யா, நாங்க ஓடை வழியே கொண்டுபோயிருதோம்” என்றாள்.

“கொஞ்சம் பொறும்மா. கலெக்டர் ஆபீசுக்கு ஃபோன் போட்டிருக்கேன். நான் அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“நீங்க வாக்குக் கொடுத்துட்டு சாயங்காலம் சங்கரன்கோவிலுக்குப் போயிருவிய. நாங்க நாளைக்கும் இந்தக் கடையிலதான் அரிசி வாங்கணும். எம்மக இந்த விலக்குலதான் தனியா பஸ் ஏறணும்.” அவள் அழவில்லை. கோபமும் படவில்லை. “காலம்பற எம்மச்சான் மவன் ஒரு யோசனை சொன்னான். எட்டு மணிக்கெல்லாம் ஊரு காட்டு வேலைக்குப் போயிரும், தெரு காலியாத்தான் கெடக்கும், சத்தமில்லாம தெரு வழியாவே எடுத்துட்டுப் போயிருவோம்னான். நீங்க எழுதிப் போட்டுட்டியன்னு தெரிஞ்சதும் வேண்டாம்னு விட்டுட்டோம்.”

உச்சிமாகாளி யாரோ போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். தன் கையாலேயே தெருவை அடைத்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. டிராக்டரை நிறுத்தியவன் சுடலைராஜ், அதற்கு நேரம் குறித்துக் கொடுத்தது அவர்.

அமரர் ஊர்தி ஓடையில் இறங்காது. பாடை கட்டி எட்டுப் பேர் தோளில் எடுத்தார்கள். உச்சிமாகாளி விடவில்லை. புல்லட்டைக் கிளப்பி, ஹெட்லைட்டைப் போட்டு, பாடைக்கு முன்னால் ஓடைப் பாதையில் இறக்கினார். கரிசல் மண்ணைத் தெரிந்தவர் எவரும் மழையில் அதைச் செய்யமாட்டார்கள். அவருக்கும் தெரியும். ஐம்பது அடி போவதற்குள் மண் டயரில் சுற்றி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் நின்றுவிட்டது. இறங்கிக் குச்சியால் நோண்டினார். இன்னும் பத்தடி. மறுபடி நின்றது. லிங்கேஷ் பின்னாலிருந்து தள்ளி, முகமெல்லாம் சேறு. பாடை தோளில் காத்து நின்றது. மழைத் தண்ணீர் செல்லப்பாவின் நெற்றிக் காசின்மேல் வழிந்துகொண்டிருந்தது.

“அய்யா, கொஞ்சம் ஒதுங்குங்க. தோளு கடுக்கு” என்றான் முன்னால் தூக்கியவன்.

எண்பத்துமூன்று சாவுக்கு வழிவிட்டு அழைத்துப்போன மனுசன், எண்பத்துநான்காவது சாவுக்கு வழியை மறித்துக்கொண்டு நின்றார். வண்டியைக் கருவேலமரத்தில் சாய்த்துவிட்டு ஒதுங்கினார். செல்லப்பா அவரைத் தாண்டிப் போனார். ஒரு பூட்ஸ் சேற்றோடு போய்விட, ஒற்றைக் காலில் பூட்ஸோடு பின்னால் நடந்தார்.

குழி தயாராக இருந்தது. அவர் ஃபோனை ஒரு கல்லின்மேல் வைத்துப் பியூகிளைப் போட்டுவிட்டு சல்யூட்டில் நின்றார். பாதி ஒலித்திருக்கும். சத்தம் அறுந்து, ஃபோன் மணியடித்தது. திரையில் ‘தம்பி’ என்று வந்தது. லிங்கேஷ் குனிந்து அதை அணைத்துவிட்டு, பியூகிளை முதலிலிருந்து போட்டான். இரண்டாவது தடவை முழுசாக ஒலித்து முடியும்வரை உச்சிமாகாளி கையை இறக்கவில்லை. அழுதுகொண்டே இருந்தார். மண் தள்ளும்போது ஆறுமுகத்தாயின் மச்சான் மகன் மண்வெட்டியை அவரிடம் நீட்டவில்லை. அவரும் கேட்கவில்லை.

வீடு திரும்பும்போது ஏழு மணி. கோமதித்தாய் வெந்நீர் எடுத்து வைத்தாள். அவர் சேற்றுக் காலோடு ஃபோனை எடுத்துக்கொண்டு சமையல்கட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். குழுவில் அறுபத்துநாலு பேர் நாற்பத்தொன்றாகி இருந்தார்கள். எப்போதும் போல ஆர்டர் எழுதினார்.

‘பெயர்: உச்சிமாகாளி, ஹவில்தார். தேதி, நேரம்: பின்னர் அறிவிக்கப்படும். இடம்: கொழிஞ்சிப்பட்டி.’

அனுப்பாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு மீதியையும் எழுதி அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் தம்பியின் ஃபோன் வந்தது.

“என்னண்ணே எழுதியிருக்க? பைத்தியமா பிடிச்சிருக்கு? நம்ம அப்பா போன தெரு அது. நீ எப்படி ஓடை வழியா போவ? ஊரு காறித் துப்பும்.”

“எழுதுனா வரி விடாம படிக்கியம்லா. அதான் எழுதுனேன்” என்றார் உச்சிமாகாளி.

“அதை அழிச்சிரு. சொல்லுதேன், அழிச்சிரு.”

அவர் ஃபோனை வைத்துவிட்டார். குழுவில் இன்னும் எட்டுப் பேர் விலகியிருந்தார்கள். லிங்கேஷ் மட்டும் ‘ஓகே சார்’ என்று போட்டிருந்தான். கோமதித்தாய் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, வாய்க்குள் படித்தாள்.

‘பாதை: காலனி, ஓடை, சுடுகாடு. மேலத்தெரு வழியாகக் கொண்டுபோகக் கூடாது. வண்டிகள் வேண்டாம், கரிசல் ஒட்டும். நடந்து வரவும்.’