பன்னிரண்டாம் பெயருக்கு நேரே இரண்டு கோடு

அச்சகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. முதலாளி முதல் மெஷின்காரர் வரை எல்லோருக்கும் அவள் கமாக்கா. பிழை திருத்துவது வேலை. பேருந்து நேர அட்டவணை, வினாத்தாள், கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, கையில் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்துவிடுவாள். விட்டுப்போன ஒரு கமாவுக்காக, ஓடிக்கொண்டிருந்த மெஷினையே ஒருமுறை நிறுத்தவைத்தாள். பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

வீட்டிலும் அந்தக் கண் சும்மா இருக்காது. இருமல் மருந்துப் புட்டியில் 'நன்றாகக் குலுங்கிய பின் குடிக்கவும்' என்றிருந்ததைப் படித்துவிட்டு, "யாரு குலுங்கணும் மாமா, மருந்தா நீங்களா?" என்று கேட்டு மாமனாரைச் சிரிக்கவைத்தவள்.

அந்த மாமனார் சிரித்து இரண்டு வருடம் ஆகிறது.

தெருவில் அவரைப் பட்டாளத்தார் என்பார்கள். படையில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். குண்டு விழுந்துகொண்டிருந்த ஆற்றுப்பாலத்தின் வழியாகக் காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு வண்டிகள் வெளியேறிய நாளில், கடைசி வண்டி அவருடையது. இன்னொரு ஸ்ட்ரெச்சர் வருகிறது, இன்னும் ஒன்று வருகிறது என்று நின்று நின்று, மற்ற பதினொரு பேரும் அக்கரை சேர்ந்த பிறகுதான் கிளம்பினார். பன்னிரண்டு ஓட்டுநர்களுக்கும் களத்துணிவுப் பதக்கம் கிடைத்தது. வருடத்துக்கு ஒருமுறை பழைய வீரர்கள் கூடும் நாளில் அதை நெஞ்சில் குத்திக்கொண்டு போவார். நாற்பது வருடமாக யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கூட்டத்தின் வாசலில் ஓர் இளம் அதிகாரி அச்சடித்த பட்டியலோடு நின்றார். பெயரைத் தேடினார். விரலை ஓட்டினார். பட்டாளத்தாரின் நெஞ்சைப் பார்த்தார்.

"ஐயா, உங்க சர்வீஸ் ரெக்கார்டுல இந்தப் பதக்கம் இல்லையே. இல்லாதத மாட்டக்கூடாது. தப்பா நினைக்காதீங்க, கழட்டிடுங்க."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டார்கள். பட்டாளத்தார் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பினார். பதக்கம் ஷேவிங் டப்பாவுக்குள் போனது. அடுத்த வருட அழைப்பிதழை அவர் பிரிக்கவே இல்லை.

அதைக்கூடக் கமாக்கா பொறுத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் காலையில் கன்னத்தில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்து, "ஒருவேள எனக்குத் தப்பா குடுத்துட்டாங்களோ என்னவோ," என்றார் அவர். கமாக்காவுக்குச் சுருக்கென்றது. ஊர் சந்தேகப்பட்டது போய், மனிதர் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்.

"அடுத்த கூட்டத்துக்கு அதக் குத்திக்கிட்டுத்தான் மாமா போறீங்க."

"ஏம்மா, என்னை இன்னொரு தடவ வாசல்ல நிறுத்திப் பாக்கணுமா?"

"நிறுத்தட்டும். நானும் பக்கத்துல நிக்கறேன்."

புருஷன் இடையில் புகுந்தான். "விட்டுத்தள்ளேன். அப்பாவே மறந்துட்டாரு."

"மறந்தவரு எதுக்குங்க தினம் நாலு தடவ ஷேவிங் டப்பாவத் தொறக்கறாரு? அவருக்கு அவ்ளோ தாடியா வளருது?"

அவன் செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டான்.

ஆவணக் காப்பு அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டாள். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: 'தங்கள் மாமனாரின் பதிவேட்டில் அத்தகைய பதிவு ஏதும் காணப்படவிலை.' விட்டுப்போன 'ல்'லைச் சிவப்புப் பென்சிலால் சேர்த்தாள். 'இங்கே ஓர் எழுத்து விட்டுப்போனதுபோல் அங்கே ஒரு பதக்கமும் விட்டுப்போயிருக்கலாம் அல்லவா' என்று எழுதி, அந்தத் தாளையே இரண்டாவது விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பினாள். அதற்கும் அதே பதில்தான். இந்தமுறை 'ல்' இருந்தது. அவள் மூன்றாவதும் போட்டாள்.

மூன்றாவது பதிலோடு ஒரு ஜெராக்ஸ் வந்தது. மாமனார் பெயர் வரும் உத்தரவுத் தாள் இதுதான், இதில் பதக்கம் எதுவும் குறிப்பிடப்படவில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தது. பார்த்தாள். ஒரே தாள். மேலே மாமனாரின் எண்ணும் பெயரும், கீழே ஒரு கையெழுத்து. பெயருக்கு நேரே பொடியாக இரண்டு கீறல். ஜெராக்ஸ் மெஷின் அழுக்கு என்று நினைத்துத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் அச்சகத்தில் ஃபோர்மேனின் குரல் கூரையைத் தொட்டது. கம்ப்யூட்டரில் பேருந்து அட்டவணை அடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்குத்தான் திட்டு.

"ஏம்மா, பக்கத்தோட தலையிலயே மேற்படி போட்டிருக்கியே, எதுக்கு மேற்படி? கூரைக்கா?"

ஒரே ஊர்ப் பெயர் வரிசையாக வந்தால் முதல் வரியில் முழுதாக அடித்துவிட்டு, கீழே உள்ள வரிகளில் 'மேலே உள்ளதுதான்' என்பதற்கு இரண்டு சின்னக் கோடு போடுவார்கள். அதுதான் மேற்படிக் குறி. பக்கம் மாறினால் மறுபடி முழுதாக அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடு அந்தரத்தில் தொங்கும்.

கமாக்காவின் கை தானாகப் பைக்குள் போனது. தாளைப் பிரித்தாள். அழுக்கு இல்லை. இரண்டு கோடு. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஊரார் கமாவையெல்லாம் தேடிப் பிடிக்கிறவள், மாமனாரின் பதக்கத்தை அழுக்கு என்று தாண்டிப் போயிருக்கிறாள்!

"ஃபோர்மேன் சார், இது என்னன்னு சொல்லுங்க."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "மேற்படிதான். முந்தின பக்கம் எங்க?"

"அத வாங்கத்தான் போறேன். நாளைக்கு எனக்கு லீவு."

"கேக்கறியா, சொல்றியா?"

"சொல்றேன்."

ஆவணக் காப்பு அலுவலகத்தில், கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த எழுத்தர் அவள் பெயரைப் படித்ததும் நிமிர்ந்தார். "செவப்புப் பென்சில் அம்மாவா?"

"அதே அம்மாதான். இந்தத் தாளுக்கு முந்தின பக்கம் வேணும் ஐயா."

"அதுல உங்க மாமனார் பேரே இருக்காதே. எதுக்கு?"

"அவரு பேரு இருக்காது. அவரு பதக்கம் அங்கதான் இருக்கு."

கோட்டைக் காட்டி விளக்கினாள். எழுத்தர் சிரித்தார். "ரெண்டு கீறல வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா பதக்கம் குடுக்கறது?"

"நீங்க குடுக்க வேணாம். குடுத்து நாப்பது வருஷம் ஆச்சு. படிச்சாப் போதும்."

"பழைய கட்டு. தேடணும். அடுத்த வாரம் வாங்க."

"பரவால்ல, இப்படி உக்காந்திருக்கேன்."

"அடுத்த வாரம் வரைக்குமா?"

"சாப்பாடு கொண்டுவந்திருக்கேன்."

சொன்னபடியே பெஞ்சில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்து அங்கிருந்தே கேட்டாள்: "ஐயா, சுவத்துல 'அமைதி காக்காவும்'னு எழுதியிருக்கே. இங்க காக்கா எங்கேர்ந்து வந்துச்சு?"

எழுத்தர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். எத்தனையோ வருடமாக அவர் தலைக்கு மேலேயே இருந்த பலகை. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். "உங்கள இங்க உக்கார விட்டா ஆபீஸையே திருத்திடுவீங்க. இருங்க, வரேன்."

மதியச் சாப்பாடு முடிந்து வெகுநேரம் கழித்து, தூசு படிந்த கைகளோடு ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்தார். முதல் பக்கத்தின் மேலே, 'கீழ்க்காணும் பன்னிரண்டு ஓட்டுநர்களுக்கு' என்றிருந்தது. முதல் பெயருக்கு நேரே முழுதாகக் களத்துணிவுப் பதக்கம். அடுத்தடுத்த பெயர்களுக்கு நேரே இரண்டிரண்டு கோடு. எழுத்தர் பெயர்களைப் பென்சில் முனையால் எண்ணினார். பதினொன்று. மறுபடி எண்ணினார். பதினொன்றுதான். இன்னொரு கோப்பிலிருந்து இரண்டாம் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டின் மூலையிலும் ஒரே இடத்தில் குண்டூசித் துரு.

கடைசியாகக் கிளம்பியவர் பட்டியலிலும் கடைசி. தாளில் இடம் பற்றாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். தாள்கள் பிரிந்துபோன பிறகு பதிவேட்டில் ஏற்றியவர் கையில் இருந்தது இரண்டாம் பக்கம் மட்டும். கோட்டுக்கு மேலே ஒன்றுமில்லை; ஆகவே ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்.

எழுத்தருக்குச் சிரிப்பு போய்விட்டது. "இந்தத் தாள ஜெராக்ஸ் போட்டு அனுப்பினதே நான்தாம்மா."

"நானும் அழுக்குன்னுதான் ஐயா நினைச்சேன்."

அவர் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையெழுத்து இருந்தது. பதிவேட்டைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றி, காலியாகக் கிடந்த கட்டத்தில் 'மேற்' என்று ஆரம்பித்தார்.

"ஐயா!" கவுண்ட்டரில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "மேற்படி வேணாம் ஐயா. முழுசா எழுதுங்க."

எழுத்தர் அடித்துவிட்டு, சுருக்கொப்பம் போட்டு, முழுதாக எழுதினார். கமாக்கா தலைகீழாகவே படித்தாள்.

"களத்துணிவுக்கு அப்புறம் ஒரு 'ப்' வரணும்."

"அதுவுமா?"

"விட்டுப்போனதுக்காகத்தான ஐயா இத்தன தூரம் வந்திருக்கேன்."

சான்றிட்ட நகலை மாமனாரிடம் கொடுத்தாள். அவர் ஜன்னலோரம் போய் ஒருமுறை படித்தார். உட்கார்ந்து இன்னொருமுறை படித்தார். "அப்ப தப்பா குடுக்கல," என்றார். பிறகு, "கூட்டம் என்னைக்கு?" என்று கேட்டார்.

அந்த நாளும் வந்தது. அதே வாசல், அதே இளம் அதிகாரி, புதுப் பட்டியல். பின்னால் நீண்ட வரிசை. கமாக்கா சொன்னபடி பக்கத்தில் நின்றாள். அதிகாரி பெயரைத் தேடினார், விரலை ஓட்டினார், நெஞ்சைப் பார்த்தார்.

"ஆம்புலன்ஸ் ஓட்டுநர், களத்துணிவுப் பதக்கம்," என்று படித்துவிட்டு ஓரமாக நகர்ந்து வழிவிட்டார். "உள்ள வாங்க ஐயா."

பட்டாளத்தார் அசையவில்லை. கையைக் காதோரம் குவித்துக்கொண்டார்.

"என்ன சொன்னீங்க தம்பி? இன்னொரு தடவ, கொஞ்சம் சத்தமாப் படிங்க. நமக்குக் காது மந்தம்."

அதிகாரி வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி மறுபடி படித்தார்.

மாமனாருக்குக் காது மந்தம் என்பதைக் கமாக்கா அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாள்.