ஜுவார் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை

அந்தப் பொம்பளையை எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயசான காலத்தில் எழுத உட்கார்ந்தவன் மனசு கனிந்து எல்லோரையும் மன்னிப்பான் என்று யாராவது எதிர்பார்த்தால், வேறு ஆளைப் பார்க்கட்டும்.

அறுபதுகளின் நடுவில் போர்ட் பிளேரில், மின்னி பே கரையோரம் ஒரு அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு அவளுக்குக் கொடுத்தது. நான் ஹேடோ துறைமுகத்து ஸ்டோரில் குமாஸ்தா. மெயின்லாண்டிலிருந்து கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் சண்டை. ஹெட்கிளார்க்கோடு சண்டை, குழாயடியில் சண்டை, ரேடியோவைச் சத்தமாக வைக்கிற எதிர்வீட்டுக்காரனோடு சண்டை. தரையில் யாரோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. கடலைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றுதான் தோன்றும்: அங்கே பக்கத்து வீடு கிடையாது.

நான் கரிசல் காட்டுக்காரன். கண்மாய்க்கு மேல் பெரிய தண்ணீரைப் பார்த்து வளரவில்லை. நீச்சல்கூடக் கிணற்று நீச்சல்தான். இங்கே வந்த கப்பலில் மூன்று நாள் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தேன். அப்படிப்பட்டவனுக்குப் பாய்மரப் படகு வேண்டும், அதில் பிள்ளையை வைத்துக்கொண்டு தீவு தீவாகப் போய்ப் பிழைக்க வேண்டும் என்று ஆசை வந்தது. வேலையை விட்டுவிடலாம், காய்கறியோ தேங்காயோ ஏற்றி இறக்கலாம், மகள் சுக்கான் பிடிக்கக் கற்றுக்கொள்வாள், ஒரு ஹெட்கிளார்க்கின் முகத்திலும் முழிக்காமல் வளர்வாள். மூன்றரை வயசு அவளுக்கு. அப்பாவாக இருப்பதே எனக்குப் புது வேலை. சோறு ஊட்டினால் பாதி தரையில் கிடக்கும். ஜடை போட்டால் அவளே அவிழ்த்துவிட்டு அம்மாவுக்காகக் காத்திருப்பாள். ஆனால் படகு வேலை நடக்கும்போது மட்டும் என்னை விட்டு நகர மாட்டாள். ஆணி டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

படகு என்றால் பெரிசாக நினைக்க வேண்டாம். ஹேடோவில் ஒரு கப்பலிலிருந்து கழித்துப் போட்ட சின்னப் படகு. தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்தார்கள். ஒரு மழைக்காலம் முழுக்கக் கரையில் கவிழ்த்துப் போட்டு, ஓட்டை அடைத்துத் தார் பூசினேன். பழைய தார்ப்பாயை வெட்டி நானே பாய் தைத்தேன். தையல் கோணல்மாணல்தான்.

அதைக் கவிழ்த்துப் போட்ட இடத்தில்தான் வினை. அந்த இடம் தன் ஆடு கட்டும் இடம் என்று வந்து நின்றாள் அந்தப் பொம்பளை. எங்கள் குவார்ட்டர்ஸ் வேலிக்கு அந்தப்பக்கம் தகரக் கூரை வீடு. கைதிகள் காலத்திலிருந்து இங்கேயே இருக்கிற குடும்பம். ஹிந்தி தவிர வேறு பேச மாட்டாள். தண்ணீர் வற்றும் நேரத்தில் சேற்றில் இறங்கி மட்டி பொறுக்கி விற்பாள். நேற்று வந்த மத்ராஸிகளுக்கு வீடு, வேலை, இப்போது கரையும் வேண்டுமா என்று கத்தினாள். அரசாங்கக் கரைக்கு நீ பட்டா வைத்திருக்கிறாயா என்று நான் தமிழில் கத்தினேன். தார் வாடையில் ஆடு தீனி எடுக்கவில்லை என்று மீன் கழுவிய தண்ணீரைப் படகின் மேல் ஊற்றிவிட்டுப் போனாள். மறுநாள் நான் அவள் ஆட்டுக் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். படகைப் பார்க்கும்போதெல்லாம் "டூபேகா" என்பாள். முழுகிப் போகும் என்று அர்த்தம். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாய் கட்டி முடித்த வாரம் மனைவி என்னை உட்கார வைத்துப் பேசினாள்.

"என்னங்க, அக்கா கடுதாசி போட்ருக்கு. புள்ளைய மதுரையில விட்டா அது பாத்துக்குமாம். நான் டூட்டிக்குப் போறவ. நீங்க கடல் கடல்னு அலையுறீங்க. இத நம்பி உங்ககிட்ட எப்படிப் புள்ளைய விடுறது?"

"என் புள்ளைய நான் பாத்துக்க மாட்டேனா?"

"பாத்துக்கிட்டுக் காட்டுங்க. ஞாயித்துக்கெழம எனக்குக் காலை டூட்டி. நான் போனதும் கூட்டிட்டுப் போங்க, ரெண்டு மணிக்கு நான் வர்றதுக்குள்ள கொண்டாந்து விட்ருங்க. ஒண்ணும் ஆகாம வந்துட்டா நான் வாயத் தொறக்கல. உங்க படகு, உங்க புள்ள. ஏதாச்சும் ஆச்சுன்னா அடுத்த கப்பல்ல அக்காகிட்ட அனுப்பிருவேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை விரிகுடா கரைமுட்டத் தண்ணீரோடு கிடந்தது. மகளுக்குக் கவுன் போட்டு, மனைவியின் பழைய நூல் சேலையால் அவள் இடுப்பைச் சுற்றி, மறுமுனையைப் படகின் குறுக்குப் பலகையில் கட்டினேன். ஒரு கூஜாத் தண்ணீர், நாலு இட்லி. படகைத் தள்ளும் நேரத்தில் வேலியைத் தாண்டி ஓடிவந்தாள் அந்தப் பொம்பளை.

"ஏ மத்ராஸி! ஜுவார் உதர் ரஹா ஹை! பச்சி கோ மத் லே ஜா!"

இங்கே வந்து மூன்று வருஷம் ஆகியும் எனக்குக் கடைத்தெரு ஹிந்திதான். உதர் என்றால் இறங்குவது, பஸ்ஸில் கண்டக்டர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பச்சி என்றால் பெண்பிள்ளை. கூட்டிக்கொண்டு போகாதே என்பதும் புரிந்தது. ஜுவார் என்றால்? ஜுரம். வேறு என்னவாக இருக்க முடியும்? பிள்ளைக்கு ஜுரம் இப்போதுதான் இறங்குகிறது, கொண்டுபோகாதே என்கிறாள். மகள் கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. நல்லாயிருக்கிற பிள்ளைக்கு ஜுரம் என்று கிளம்பும் நேரத்தில் வாய் வைக்கிறாளே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டாம் முறையும் அதையே கத்தினாள், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டு. "உன் வாயில புத்து வைக்க" என்று நானும் கத்திவிட்டுத் தள்ளினேன்.

அந்த முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். அதுமாதிரி சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. காற்று பின்னாலிருந்து தள்ள, கோணல் பாய் புடைத்து நிற்க, படகு தானாகப் போனது. மகள் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, "அப்பா, வேகமா, இன்னும் வேகமா" என்றாள். என்ன கெட்டிக்காரன் நான் என்று நினைத்துக்கொண்டேன். வேகம் என் பாயால் வந்ததில்லை, வெளியே ஓடுகிற தண்ணீரால் வந்தது என்பது திரும்பும்போதுதான் தெரிந்தது.

தண்ணீர் ஏறி இறங்கும் என்பது தெரியாத அளவுக்கு நான் மடையன் இல்லை. ஆபீஸில் எல்லோரும் அதை டைடு என்பார்கள். நேரம் போட்ட அட்டவணையே என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தொங்கியது. வெக்கையாக இருந்தால் எடுத்து விசிறிக்கொள்வேன். ஆனால் இறங்கும் என்றால் நம்மூர்க் கண்மாய் மாதிரி ஓரத்தில் கொஞ்சம் வற்றும் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே விரிகுடாவே காலியானது. துடுப்பைப் போட்டு எவ்வளவு வலித்தும் கரை கிட்டே வரவில்லை. கண்டல் மரங்களின் வேர் முழுக்க வெளியே தெரிந்தது. ஒரு இடத்தில் அடி தட்டியது, படகு சாய்ந்தது, கூஜா உருண்டு தண்ணீர் பூராவும் கொட்டிப் போனது. பிறகு எங்களைச் சுற்றிச் சேறுதான்.

இறங்கிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம் என்று காலை வைத்தேன். தொடைவரை உள்ளே போனது. இன்னொரு காலும் போனது. படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறினேன். பதினோரு மணி வெயில். பாயைக் கழற்றி நிழல் போட்டேன், அதற்குள் அனலடித்தது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒன்று மொய்த்துக் கடித்தது, அவள் கன்னமெல்லாம் தடித்தது. தண்ணி தண்ணி என்று அழுதாள். இட்லியை வாயில் வைத்தேன், வாந்தி எடுத்தாள். அப்புறம் அழுவதையும் நிறுத்தினாள். அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. கரையைப் பார்த்துக் கத்தினேன். ஹெட்கிளார்க்கைத் தவிர எந்தச் சாமியையும் விடாமல் கூப்பிட்டேன்.

வந்தது அவள்தான். ஒரு நீளப் பலகையின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலால் சேற்றைத் தள்ளித் தள்ளி வந்தாள். மட்டி பொறுக்கப் போகும் பலகை. வந்ததும் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் சேலைக் கட்டை அவிழ்த்து, தன் இடுப்பிலிருந்த பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக அவள் வாயில் விட்டாள். பிறகு நிமிர்ந்து, கையை நீட்டிச் சேற்றைக் காட்டினாள், தூரத்தில் பின்வாங்கிக் கிடந்த தண்ணீரைக் காட்டினாள்.

"ஜுவார்! ஜுவார்! போலா தா நா?"

சொன்னேனா இல்லையா என்கிறாள். அப்போது எனக்குப் புரிந்தது. ஜுரம் இல்லை, ஏற்றத் தண்ணீர். அது இறங்குகிறது என்றுதான் இரண்டு தடவை இடுப்பளவு நீரில் நின்று கத்தியிருக்கிறாள்.

பலகையில் பிள்ளைக்குத்தான் இடம் இருந்தது. அவளைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். தண்ணீர் திரும்பிவந்து படகைத் தூக்கி நான் கரை சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது.

வீட்டில் மகள் கட்டிலில் கிடந்தாள். நெற்றியில் ஈரத்துணி. இப்போது நிஜமாகவே ஜுரம், அனலாகக் கொதித்தது. மனைவி என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"தண்ணி வத்தும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"இப்படி வத்தும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் துணியை நனைத்துப் பிழிந்தாள்.  "அந்தப் பொம்பளைக்குத் தெரியும்ல? தெனமும் சேத்துல எறங்குறவ. நீங்க போறப்ப அவ அங்க இல்லையா?"

அடுத்த கப்பல் பத்து நாளில். அக்கா வீடு மதுரையில். அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு வழி தெரிந்தது.

"இருந்தா. பாத்துக்கிட்டே நின்னா."

"ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லல."

காலையில் மனைவி வேலியோரம் போய் நின்று ஹிந்தியில் பிடிபிடியென்று பிடித்தாள். ஆஸ்பத்திரியில் பேசிப் பழகிய ஹிந்தி, நல்ல கூர்மை. பிள்ளை மேல் என்ன பகை உனக்கு, சாகட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றாயா, ஊர் பேசும் என்று பயந்து அப்புறம் தூக்கி வந்தாயா? அந்தப் பொம்பளை முதலில் விளங்காமல் விழித்தாள். பிறகு என் பக்கம் விரலை நீட்டினாள். "போலா தா. தோ பார் போலா தா." சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன்.

மனைவி திரும்பி என்னைக் கேட்டாள். "சொன்னாளாங்க?"

குவார்ட்டர்ஸ் ஜனமே வாசலில் நின்றது. "பொய்" என்றேன்.

எங்கள் ஆட்கள் என்னை நம்பினார்கள். ஆட்டுக் கயிறு, மீன் தண்ணீர் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த பகைதானே. அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸில் யாரும் அவளிடம் மட்டி வாங்கவில்லை. மனைவி கப்பல் பேச்சை எடுக்கவே இல்லை. "அந்தப் பாவி ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீங்க போயிருப்பீங்களா?" என்று அவளே எனக்காகப் பேசினாள். நான் டைடு அட்டவணையை மனப்பாடம் செய்தேன். இரண்டு மாதம் கழித்து மகள் மறுபடி படகில் ஏறினாள். வேலையை விட்டேன். நான் ஆசைப்பட்ட வாழ்க்கை, ஒரு பிசகும் இல்லாமல், எனக்குக் கிடைத்தது. கதையை மகளுக்கு முதலில் அம்மா சொன்னாள், பிறகு நான் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தப் பொம்பளை கரையில் நின்று சிரித்தாள் என்றுகூடச் சேர்த்தேன்.

மகளுக்கு ஒன்பது வயசு முடிந்த சமயம், ஒரு மத்தியானம் ஹேடோ படித்துறையில் சரக்கு இறக்கிவிட்டுப் புறப்பட்டோம். அடைமழை. படியில் அந்தப் பொம்பளை சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். முழங்கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் பேசினாள். என்னிடம் இல்லை, சுக்கானில் உட்கார்ந்திருந்த மகளிடம். பேட்டி, மகளே, மின்னி பேவில் இறக்கி விடுகிறாயா, நடக்க முடியவில்லை என்றாள்.

மகளுக்கு ஹிந்தி என்னைவிட நன்றாக வரும். "என்னச் சாகட்டும்னு விட்டுட்டு நின்னவதானே நீ. நடந்து போ" என்று ஹிந்தியில் சொன்னாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அந்தப் பொம்பளை என்னைப் பார்த்தாள். மழையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நான் வாயைத் திறப்பேனா என்று ரொம்ப நேரம் பார்த்தாள். நான் பாய்க் கயிற்றில் முடிச்சு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மகள் காற்றைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், படித்துறையைக் காலால் உந்திப் படகை வெளியே எடுத்தாள். நான் சொல்லிக் கொடுத்தது எல்லாம் அவளுக்கு அப்படியே வந்திருந்தது.