'பிற' பங்குதாரர் கிடர்பூர் போன கதை

கடந்த மாதம் ஒரு ஞாயிறு காலை 7.40-க்கு, இணையத்தின் எதிர்காலத்தைப் பொறுத்தவரை நான் 'பிற' என்று முடிவு செய்தேன். அரசு, வணிகம், தொழில்நுட்பம், கல்வி, குடிமைச் சமூகம், பிற என்று ஆறு கட்டங்கள். வங்கியில் முப்பது ஆண்டுகள் மற்றவர்களின் படிவங்களைத் திருப்பி அனுப்பியவன் என்பதால் நான் அவசரப்படவில்லை. இரண்டு காபி ஆயிற்று. கட்டங்களுக்கு மேலே 'நீங்கள் எவ்வகை ஒங்ஷிதார்?' என்று வங்காளத்தில் கேட்டிருந்தார்கள். ஒங்ஷிதார் என்றால் பங்குதாரர். எதில் பங்கு என்று மனைவி கேட்டாள். இணையத்தில் என்றேன். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இணையத்தின் விதிகளைப் பேச உலகம் எங்கோ ஒரு நாட்டில் கூடும்போது, அங்கே போக முடியாதவர்கள் உள்ளூர் அரங்கில் உட்கார்ந்து திரை வழியாகப் பேசலாம். யார் வேண்டுமானாலும் பேசலாம் என்பதை மூன்று இடத்தில் எழுதியிருந்தார்கள். இந்த முறை நம்மூர் அரங்கு, துறைமுகப் பக்கம் இருக்கும் கிடர்பூரில்.

நான் போனது சுகந்திக்காக. பெஹாலாவில் எங்கள் கீழ்வீட்டுக்காரர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பிறந்தது இங்கே வங்காளத்தில், கோபம் வந்தால் வங்காளம்தான். என்னைக் கூப்பிடுவது எப்போதும் தாதா, அதாவது அண்ணா. கிடர்பூரில் ஒரு சரக்குக் கிடங்கின் கேன்டீனுக்கு வாரம் இரண்டு நாள் இட்லி கொடுக்க அவருக்கு வாய்ப்பு வந்திருந்தது. உள்ளே நுழைய கேட் பாஸ் வேண்டும். அதற்கான இணையப் படிவம் அவருடைய மின்னஞ்சல் முகவரியைச் செல்லாது என்றது, ஏனென்றால் அது வங்காள எழுத்தில் இருக்கிறது. வேறு முகவரி வாங்கிக்கொள்ளலாமே என்றேன்.

"எதுக்கு தாதா? அதுக்குத்தான் தினம் ஆர்டர் வருது. பெட்டி மூடியெல்லாம் அச்சடிச்சாச்சு. கண்ணு தெரியாதது படிவத்துக்கு, கண்ணாடி எனக்கா?"

பாஸ் கொடுக்கும் அதிகாரி ஒரு வழி சொல்லியிருந்தார். இப்படிப்பட்ட முகவரி செல்லும் என்று பெரிய இடத்தில் எழுதியிருப்பதை மாதக் கடைசிக்குள் கொண்டு வரவேண்டும். இல்லாவிட்டால் கேன்டீன் வேறு ஆளுக்குப் போய்விடும். உலகக் கூட்டத்தின் அறிக்கையை விடப் பெரிய இடம் எங்களுக்குத் தெரியவில்லை. அன்றைய தலைப்பே, எந்த எழுத்தில் இருக்கும் முகவரியையும் எல்லாப் படிவங்களும் ஏற்கவேண்டும் என்பதுதான். பதிவுப் படிவம் சுகந்தியின் முகவரியை ஏற்கவில்லை. என் பெயரில் பதிந்தோம். உடன் வருபவர் ஒருவர்.

புதன்கிழமை காலை 9.10-க்குக் கிளம்பினோம். பெஹாலா சௌரஸ்தாவிலிருந்து மாஜேர்ஹாட் வரை மெட்ரோ, பத்து ரூபாய். அங்கிருந்து கிடர்பூர் சுமார் மூன்று கிலோமீட்டர். லாரியும் கைவண்டியும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும் சாலை என்பதால் ஆட்டோவில் இருபத்தைந்து நிமிடம், எண்பது ரூபாய். இன்டர்நெட் கூட்டத்துக்குப் போகிறோம் என்று ஓட்டுநரிடம் சொன்னேன். தன் வீட்டில் இரண்டு நாளாக நெட் வரவில்லை, அதையும் சொல்லிவிடுங்கள் என்றார். குறித்துக்கொண்டேன். அன்று நான் கேட்ட முதல் பொதுமக்கள் கருத்து அது.

அரங்கு ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. நாற்காலிகளில் சிவப்பு ரிப்பன் இன்னும் இருந்தது. பத்தொன்பது பேர் வந்திருந்தோம், பாதிப் பேர் சான்றிதழுக்காக வந்த கல்லூரி மாணவர்கள். 11.50-க்குத் திரையில் என் பெயரை அழைத்தார்கள். சுகந்தி எழுந்தார். இரண்டு நிமிடம்தான் அனுமதி. இட்லிப் பெட்டியின் மூடியைக் கேமராவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வங்காளத்தில் பேசினார்.

"என் பேர் சுகந்தி. இது என் முகவரி. ஆர்டர் அனுப்புறவங்களுக்கு இது முகவரின்னு தெரியுது. கிடங்குப் படிவத்துக்குத் தெரியல. உங்க படிவத்துக்கும் தெரியல. ரெண்டையும் எழுதிக்கோங்க, என் பேரோட."

மொழிபெயர்ப்பு முடிந்ததும் திரையில் சிலர் கைதட்டினார்கள். தலைவர் என் பெயரைச் சொல்லி, ஐயாவின் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி என்றார்.

"தாதா, அவர் உங்களுக்கு நன்றி சொல்றாரு."

"பதிஞ்சது நான்தானே."

"நீங்க வாயே திறக்கலையே."

"அதுக்குத்தான் போல."

ஒன்பது நாள் கழித்து அறிக்கை வந்தது. வங்காளப் பதிப்பின் பதினான்காம் பக்கத்தில் சுகந்தி சொன்னது ஒரு சொல் குறையாமல் இருந்தது. கீழே என் பெயர், என் முகவரி, 'ஒங்ஷிதார், பிற'. திருத்தும்படி எழுதினேன். பேசியவரே தம் மின்னஞ்சலிலிருந்து கேட்கவேண்டும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. சுகந்தி கேட்டார். முகவரி செல்லாது என்று அவர் கடிதம் திரும்பி வந்தது.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்ததால், அந்தப் பக்கத்தையே எடுத்துக்கொண்டு பாஸ் அலுவலகம் போனோம். அதிகாரி இரண்டு முறை படித்தார். கிடங்குத் தொழிலில் ஒங்ஷிதார் என்றால் ஒரே அர்த்தம்தான், வியாபாரத்தில் கூட்டாளி.

"பார்ட்னர் இருக்கார்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே, திதி" என்று, அக்கா முறை வைத்தே சுகந்தியைக் கடிந்துகொண்டு, என் முகவரியைத் தட்டச்சு செய்தார். படிவம் ஏற்றுக்கொண்டது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். உலகம் கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு நிமிடமும் கவனமாகத்தான் கேட்டது. கேட்டதை யார் பெயரில் எழுதுவது என்பதைப் படிவம் முடிவு செய்கிறது. ஒரு வாரம் முன்பே பதியுங்கள். மண்டபத்தில் ஏசி அதிகம், சால்வை அவசியம். மதிய உணவு இலவசம், மீன் நன்றாக இருந்தது. எந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலும் நிதானமாகத் தேர்ந்தெடுங்கள்.

பின்னூட்டங்களுக்குச் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் பதில் எழுத முடியும். கேட் பாஸ் என் பெயரில் இருப்பதால் இட்லியை நான்தான் கொண்டுபோகிறேன்.