விளம்பரம் என்று நான் விட்ட ஒரு நிமிடம்

போன ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு ரமணி என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு டிவிடி. கூடவே, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பதினான்கு வயது மகள் அபி.

“அண்ணை, இதை என்ரை போனிலை பார்க்கிற மாதிரி மாத்தித் தாறியளோ? பார்த்துப் பார்த்து டிஸ்க் தேஞ்சு போச்சு. இவள் ஒருநாளும் பார்க்கமாட்டன் எண்டு நிக்கிறாள்.”

அபியின் அம்மாவான ரமணி, பொலிதேயாமா பகுதியில் வயதான இத்தாலிய அம்மையார் ஒருவரை, ஒரு சிஞ்ஞோராவை, பராமரிக்கிறார். இலங்கையின் வன்னியிலிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்தபோது, ஐந்து வயது அபியைத் தங்கையிடம் விட்டு வந்தார். மகளை இங்கே அழைத்துக்கொள்ள ஆறு வருடமாயிற்று. இடையில் ஊரில் நடந்த தம்பியின் கல்யாணம்தான் அந்த டிவிடி.

என் குணம் உங்களுக்குத் தெரியும்தானே? எதையும் ஒப்பிட்டு, குறித்துவைத்துத்தான் செய்வேன். எம்.கே.வி. வடிவத்துக்கு மாற்றினால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் உள்ளபடி இருக்கும். ஆனால் ரமணியின் போனில் ஓடாது. எம்.பி.4 எங்கும் ஓடும். சரி, எம்.பி.4.

மென்பொருள் டிஸ்க்கைத் துழாவி இரண்டு வீடியோக்களைக் காட்டியது. நீளமானதைத் தானே தேர்ந்தெடுத்தது – இரண்டரை மணி நேரம். மற்றது ஒரே நிமிடம். கல்யாண டிவிடியில் ஸ்டூடியோக்காரர் தன் விளம்பரத்தைச் செருகுவது வழக்கமாயிற்றே... விட்டுவிட்டேன்.

போனில் ஏற்றிக் கொடுத்ததும் ரமணி நேராகக் கடைசிக்குத் தள்ளினார்.

“பிள்ளை கதைச்சது எங்கை அண்ணை?”

அப்போதுதான் உறைத்தது. கல்யாணத்துக்கு வர முடியாமல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக, வீட்டார் கேமராவைப் பார்த்து நாலு வார்த்தை பேசுவார்களே – அதுதான் அந்த ஒரு நிமிடம்!

“விடுங்கோவன் அம்மா,” என்றாள் அபி. “நான் உங்களைத் தேடவேயில்லை. சின்னம்மா இருந்தவா. எத்தினை தரம் சொல்லுறது?”

ரமணி டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சு அவர்கள் வீட்டில் பல நாளாக ஓடுகிறது என்று விளங்கியது.

மறுபடி போட்டேன். டிரைவ் முனகியது, நின்றது. டிவிடியில் பதிவு உள்ளிருந்து வெளியே போகும். கடைசித் துண்டு விளிம்பில், விரல்கள் படும் இடத்தில். மூக்குக் கண்ணாடித் துணியால் துடைத்தேன். ம்ஹூம். கட்டிலடியில் கிடந்த பழைய லேப்டாப்பை இழுத்தெடுத்தேன். அதில் மூன்றாவது முயற்சியில்... வந்தது.

ஆறு வயது அபி. யாரோ மைக்கை நீட்டுகிறார்கள். “அம்மாவுக்கு என்ன சொல்லப் போறீங்கள்?” பிள்ளை சட்டை நுனியைத் திருகுகிறாள். படம் கட்டம் கட்டமாக உடைந்து, மறுபடி சேர்கிறது.

“நான் அம்மாவோடை கோவம். வந்தால்தான் கதைப்பன்.”

ஓடிவிடுகிறாள்.

நீளமானதுதான் முக்கியமானது என்று மென்பொருளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அதை விடுங்கள், எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அபி அசையாமல் நின்றாள். பிறகு, “மாமா, திருப்பிப் போடுங்கோ,” என்றாள். போட்டேன். இன்னொரு தரமும் கேட்டாள். போட்டேன்.

“தேடாத பிள்ளையின்ரை முகமோ இது?” ரமணி மெல்லக் கேட்டார். “இப்பவும் கோவமோ?”

அபி தாயின் தோளில் நாடியை வைத்தாள்.

“கொஞ்சம்.”