ஐந்து குவாச்சா மாவு

கவர்னர் டன்ஸ்டன் கபலமுலாவைக் கவிழ்த்தது ஜனாதிபதி என்று ஊரே சொல்கிறது. எதிர்க்கட்சி என்றும் சொல்கிறார்கள். மண்ணாங்கட்டி! கவிழ்த்தது நான். பதினோரு வருடம் அவருக்குக் கார் ஓட்டிய லைசன் ம்வாலே.

ரயில்வே கேட்கீப்பர் மகன் அவர். மத்திய வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே படித்து, தலை நரைத்த பிறகு கவர்னர் நாற்காலிக்கு வந்தார். நாட்டின் எல்லா குவாச்சா நோட்டிலும் அவர் கையெழுத்து. காலில் மட்டும் அதே பழைய பழுப்பு ஷூ. அதிகாரிகள் கொண்டுவரும் அறிக்கைகளை அவர் முழுதாக நம்பியதில்லை.

"எல்லாத்துக்கும் பவுடர் பூசித்தான் எங்கிட்ட அனுப்புறானுங்க" என்பார்.

அதனால் திங்கட்கிழமை காலையில் கார் வீட்டு வாசலைத் தாண்டியதும் என்னைக் கேட்பார்:

"லைசன், உங்க பேட்டையில மாவுப் பொட்டலம் என்ன விலை?"

சோள மாவைத்தான் கேட்கிறார். மூட்டையாக வாங்க வக்கில்லாதவர்கள் அன்றன்றைக்கு ந்ஷிமாக் களி கிளற வாங்கிப்போகும் சின்ன பாலிதீன் பொட்டலம். எங்கள் சந்தையில் அதை விற்பவளே என் மனைவி எஸ்னாத். என் வாயிலிருந்து வரும் விலையில் பவுடர் இருக்காது என்று அவருக்கு நம்பிக்கை. பல வருடம் அப்படித்தான் இருந்தது.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. ஐந்து குவாச்சா பொட்டலம் ஆறாயிற்று. அந்தத் திங்கட்கிழமை, அவர் மனைவியைப் புதைத்து ஒன்பதே நாள் ஆகியிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். சவரம் செய்யாத முகம், பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை. துக்க வீட்டு மனிதரிடம் காலங்காத்தாலே கெட்ட சேதி சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை.

"அதே அஞ்சுதான் ஐயா."

"அப்பாடா" என்று சாய்ந்துகொண்டார். ஒன்பது நாளில் முதல் தடவையாக ரேடியோவைப் போடச் சொன்னார்.

அடுத்த வாரம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் ஏழாகிவிட்டது. ஒரே வாரத்தில் ஐந்து எப்படி ஏழாகும் என்று கேட்டால்? மறுபடி ஐந்து என்றேன். எட்டானபோதும் ஐந்துதான். கோழைப் பயல் நான்.

விலைவாசியை அடக்க வட்டியை ஏற்றியாக வேண்டும் என்று அதிகாரிகள் அவர் பின்னாலேயே கார் வரை வந்து கெஞ்சுவார்கள்.

"பேட்டையில விலை ஏறலைய்யா! யாருக்காக வட்டியை ஏத்தச் சொல்றீங்க?" என்று அவர்களை விரட்டுவார். கதவைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பேன்.

ஜூன் மாதம் பத்திரிகைக்காரர்கள் கூட்டம். ஒரு பெண் எழுந்து, "ஜனங்க சாப்பிடற மாவு என்ன விலைன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்மா. பொட்டலம் அஞ்சு குவாச்சா."

மண்டபமே சிரித்தது. சாயங்காலத்துக்குள் மினிபஸ்ஸில் ஆள் ஏற்றும் பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்: "ஏறு ஏறு, கவர்னர் கடைக்குப் போற வண்டி! மாவு அஞ்சே குவாச்சா!"

வீட்டில் எஸ்னாத் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நான் ஒம்பதுக்கு விக்கிறேன். அந்த மனுசனுக்கு அஞ்சுன்னு யாருய்யா சொன்னது?"

நான் தட்டையே பார்த்தேன்.

"அட பாவி மனுசா, நீயா? இங்க ஒவ்வொருத்தியும் என்னைக் கொள்ளைக்காரின்னு வைதுட்டுப் போறா. நீ அங்க காருக்குள்ள உக்காந்து விலையைக் குறைச்சுக்கிட்டு இருந்தியா?"

இரண்டு வாரத்தில் பதவி நீக்கக் கடிதம் வந்தது. கடைசியாக அவரை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மடியில் ஒரு அட்டைப்பெட்டி, அவ்வளவுதான் சாமான். வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. என்ஜினை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கூட்ஸ் வண்டி முழுவதும் போய் முடிந்தது.

"எனக்குத் தெரியும் லைசன்."

"ஐயா?"

"ஏப்ரல்லயே எங்க சமையல்காரம்மா எட்டுன்னு சொன்னா. 'லைசனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சோ'ன்னு அவ மேலதான் எரிஞ்சு விழுந்தேன். உன்கிட்ட அஞ்சுன்னு கேக்கறது சுகமா இருந்துச்சுப்பா. அதான் வாராவாரம் கேட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதை என்னால் தாங்க முடியவில்லை. கேட் திறந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

"இன்னிக்கு என்ன விலை?" என்றார்.

"பதினொண்ணு ஐயா."

தலையை ஆட்டினார். வீடு வரும்வரை அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது புதிய கவர்னருக்கு ஓட்டுகிறேன். காதில் போனோடு ஏறி, போனோடு இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எஸ்னாத்திடம் விலை கேட்டுக்கொள்கிறேன்.

"உன்னை யாரு கேக்கப் போறா இனிமே?" என்பாள். ஆனால் விலையைச் சொல்லவும் செய்வாள்.

திங்கட்கிழமை கார் வாசலைத் தாண்டும்போது கண்ணாடியில் பின்சீட்டைப் பார்ப்பேன். இந்த வாரம் பதினான்கு. அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.